கடையில் நிற்பவர் கடையரோ?

ஜொகூர் மாநிலத்து ஆயர் ஈத்தாம் ஒரு நாற்சந்தியால் பெயர் பெற்ற ஊர். ஜொகூர் பாருவிலிருந்து யோங் பெங், சிகாமட் வழியாக வடக்கே செல்லும் பழைய பெருஞ்சாலையும், பத்து பகாட்டிலிருந்து குளுவாங் வழியாகக் கீழ்க்கரையிலுள்ள மெர்சிங்குக்குச் செல்லும் சாலையும் அவ்விடத்தே ஒன்றையொன்று குறுக்கிடுகின்றன. ‘கரிய நீர்’ என்பது அவ்வூர்ப் பெயரின் பொருள். அங்கே கோட்டையுமில்லை, அரண்மனையுமில்லை. ஆயினும் சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் இடையே பிரயாணம் செய்த நம்மவர்க்கு அவ்வூரை நன்கு தெரியும். காரணம் அதன் கடைகளே. வண்டியை நிறுத்தித் தேநீர் அருந்தவும், பழமும் பலகாரமும் வாங்கவும், பீங்கான் சாடிகளுக்கும் மண்தொட்டிகளுக்கும் விலை பேசவும் மக்கள் அங்கு இறங்கினர். 1994ஆம் ஆண்டில் வடக்கு–தெற்கு நெடுஞ்சாலை முழுதும் திறக்கப்பட்ட பின்னர் வழிப்போக்கர் பலர் ஊருக்குள் வாராமலே விரைந்து செல்லலாயினர். எனினும் சந்தி இருக்கின்றது, கடைகள் இருக்கின்றன, அக்கடைகளில் காலை முதல் இரவு வரை நிற்கும் மக்களும் இருக்கின்றனர். அவர்களைப் பற்றியதே இக்கட்டுரை.

சில காலத்துக்கு முன் அவ்வூரை அடுத்த தோட்டமொன்றில் நடந்த திருமணப் பேச்சுக்கு நாம் அழைக்கப்பட்டிருந்தோம். பையன் ஊர்க் கடையொன்றில் ஒன்பது ஆண்டுகளாக வேலை செய்பவன். குடியில்லை, கடனில்லை, தாயையும் தங்கையையும் காப்பாற்றி வருபவன். பெண்ணின் தந்தை பால்மரம் வெட்டிக் குடும்பத்தை நடத்தியவர். எல்லாம் பேசி முடியும் தறுவாயில் பெண்ணின் தாய்மாமன் வெற்றிலைத் தட்டைச் சற்றே தள்ளி வைத்து, “பையன் குணத்திலே குறை சொல்ல முடியாதுங்க. ஆனா, கடையிலே நிக்கிறவனுக்குப் பொண்ணைக் குடுத்தா நாளைக்கு நாலு பேரு என்ன சொல்லுவாங்க?” என்றார். பையனின் தாய் மறுமொழி ஒன்றும் கூறவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “அப்ப நாங்க வர்றோம் அண்ணே” என்று எழுந்துவிட்டார். பின்னர் அவ்வீட்டார் விரும்பிய மாப்பிள்ளை ஓர் அலுவலகத்தில் எழுத்தர் என்றும், அவருடைய சம்பளம் இப்பையனுடையதைவிடக் குறைவு என்றும் கேள்வியுற்றோம். ஆகவே காரணம் பணமன்று, கௌரவமே.

கடைவேலை இழிவானது என்னும் எண்ணம் எங்கிருந்து வந்தது? நம் முன்னோர் அவ்வாறு எண்ணினரா? அன்றி இடையில் வந்து சேர்ந்ததா? இதனை வரலாற்றைக் கொண்டே ஆராய்தல் நன்று.

முதலில் சொல்லையே எடுத்துக்கொள்வோம். கடை என்பதற்கு இறுதி என்றும், இழிவு என்றும் பொருளுண்டு. அதனால் கடையில் நிற்பவன் கடையன் என்று வேடிக்கை பேசுவோரை நாம் கண்டிருக்கிறோம். ஆனால் அதே சொல்லுக்கு வாயில் என்னும் பொருளும் உண்டு. நெடுங்கடை என்றால் பெரிய வாயில். அரசனுடைய வாயிலில் நின்று தம் வரவை உள்ளே அறிவிக்குமாறு புலவர் பாடுவதற்குக் கடைநிலை என்றே ஒரு துறை வகுத்தனர் பழந்தமிழர். ஆகவே கடையில் நிற்றல் புலவர்க்கும் உரியதாயிருந்தது. உள்ளே இருப்பவனும் வெளியே இருந்து வருபவனும் சந்திக்கும் இடம் எதுவோ அதுவே கடை. இதில் இழிவு எங்கே இருக்கின்றது?

அப்புலவர்களின் பெயர்களைத்தான் பார்ப்போமே. மணிமேகலையைப் பாடியவர் மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார். கூலம் என்பது தானியம். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்பவர் ஒருவர். அறுவை என்பது துணி. மதுரைப் பண்டவாணிகன் இளந்தேவனார், உறையூர் இளம்பொன் வாணிகனார் என்போரும் சங்கப் புலவர் வரிசையில் உள்ளனர். ஓலைக்கடை என்பதைப் பெயரின் முன்னே கொண்ட புலவரும் உண்டு. நெல்லும் துணியும் பொன்னும் விற்றவர்கள் தம் தொழிலை மறைக்கவில்லை, தொகுத்தவர்களும் மறைக்கவில்லை. பாட்டு எவ்வளவு பெருமையோ அவ்வளவு பெருமையாகவே கடையும் பெயரோடு ஒட்டிக்கொண்டு இரண்டாயிரம் ஆண்டுகளாக வந்துகொண்டிருக்கிறது. இன்று ஒரு தமிழ்க் கவிஞர் தம் பெயருக்கு முன்னே ‘மளிகைக் கடை’ என்று போட்டுக்கொள்வாரா என்பதை நேயர்களே எண்ணிப் பார்க்கட்டும்.

சேர அரச குடியில் பிறந்தவர் என மரபு கூறும் இளங்கோவடிகள், காவியத் தலைவனாக ஓர் அரசனைத் தேடிப் போகவில்லை. வணிகர் வீட்டுப் பிள்ளையாகிய கோவலனையும் வணிகர் வீட்டுப் பெண்ணாகிய கண்ணகியையுமே எடுத்துக்கொண்டார். பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்து வணிகரை எதற்காகப் புகழ்கின்றது? அவர்களுடைய செல்வத்திற்காக மட்டும் அன்று. பிறர் பொருளையும் தம் பொருளைப் போலவே கருதி, கொள்வதில் மிகையும் கொடுப்பதில் குறைவும் இல்லாமல், விலையை வெளிப்படையாகச் சொல்லி விற்றார்கள் என்பதற்காகவே புகழ்கின்றது. அந்நூலே அப்பட்டினத்தில் வந்திறங்கிய பொருள்களுள் காழகத்துப் பொருளையும் சொல்கின்றது. காழகம் என்பது கடாரம் என்றனர் உரைகாரர். அதாவது இம்மலையகக் கரையின் சரக்கு அக்காலத்திலேயே தமிழ்க் கடையில் விற்கப்பட்டிருக்கின்றது. மதுரைக்காஞ்சி பகற் கடையை நாளங்காடி என்றும் இரவுக் கடையை அல்லங்காடி என்றும் கூறும். நம் ஊர்களில் அந்தி சாய்ந்ததும் விளக்கேற்றிக் கூடுகின்ற பசார் மாலத்துக்கு மலாய்ப் பெயர்தான் புதிது. அல்லங்காடி நமக்குப் பழையது.

கடல் கடந்து இந்நாடுகளுக்கு வந்த தமிழரிலும் கடைக்காரர் முற்பட்டவரே. சுமத்திராத் தீவின் மேற்கரையில் பாருஸ் என்னும் துறைமுகத்தருகே உலோபு துவா என்னுமிடத்தில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு 1088ஆம் ஆண்டைச் சேர்ந்தது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் பொறித்த கல் அது. பேராசிரியர் நீலகண்ட சாஸ்திரியார் அதனை ஆராய்ந்து 1932இல் வெளியிட்டார். மலாக்காவில் சுல்தான்கள் ஆண்ட காலத்தில் தமிழ் வணிகர்கள் கடற்கரையோரத்தில் தனிப் பகுதியாக வாழ்ந்தனர். அவர்களுள் ஒருவரான நைனா சாத்து என்பவரைப் போர்த்துகேயர் 1511இல் நகரைக் கைப்பற்றிய பின்னர் பெண்டகாரா என்னும் உயர்பதவியில் அமர்த்தினர். 1819ஆம் ஆண்டில் சிங்கப்பூருக்கு வந்த நாராயண பிள்ளை செங்கற் சூளை வைத்தார், பின்னர்த் துணிக்கடை வைத்தார், 1822இல் கடை தீப்பற்றி எரிந்து கடனாளியானார், மீண்டும் எழுந்தார். 1827இல் அச்சிங்கையில் மாரியம்மன் கோயில் எழும்ப முன்னின்றவரும் அவரே. இவர்களை நாம் முன்னோடிகள் என்கிறோம். மேடைகளில் பெருமையோடு பேசுகிறோம். மேடையிலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்ததும், கடையில் நிற்கும் பையனுக்குப் பெண் கொடுக்க மறுக்கிறோம்.

அப்படியாயின் இவ்வெண்ணம் எப்போது புகுந்தது? இதற்கு மூன்று ஊற்றுக்கள் உண்டென்பது நம் துணிபு.

முதலாவது ஜாதி. மனுவின் நூல் பிராமணன் வியாபாரத்தால் பிழைத்தலை விலக்குகின்றது. ஆபத்துக் காலத்தில் அனுமதித்தாலும், உப்பும் இறைச்சியும் அரக்கும் விற்றால் உடனே தாழ்ந்துபோவான் என்றும், பால் விற்றால் மூன்று நாளில் சூத்திரனாவான் என்றும் பட்டியல் இடுகின்றது. பொருளைத் தொட்டு விற்பதே தீட்டு என்னும் எண்ணத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஆனால் அந்நூலின் நான்காம் அத்தியாயத்தில் இன்னொரு செய்தியும் உண்டு. வியாபாரம் மெய்யும் பொய்யும் கலந்தது என்று கூறும் அந்நூல், பிறரிடம் சேவகம் செய்து சம்பளம் வாங்குவதை நாயின் பிழைப்பு என்று சொல்லி, அதனை முற்றும் தள்ளுகின்றது. நாம் அந்நூலை ஏற்பவரல்லோம். ஏற்பவருக்காகச் சொல்கிறோம்: அக்கணக்குப்படி பார்த்தால் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதும் உத்தியோகஸ்தர், கடை வைத்திருப்பவரைவிடத் தாழ்ந்தவராகிறார். பழைய சாஸ்திரத்தில் தமக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு, வேண்டாததை விட்டுவிடுவதே ஜாதிப் பெருமையின் வழக்கம்.

ஜாதியும் கடையும் மோதிக்கொண்ட வரலாற்றுக்குத் தென்பாண்டி நாட்டு நாடார்களின் கதையே தலைசிறந்த சான்று. பனையேறுவோர் என்று ஒதுக்கப்பட்ட அம்மக்களில் ஒரு சாரார் மாட்டு வண்டிகளில் சரக்கேற்றி ஊரூராய் விற்றனர். வழியிலே சரக்குக்கும் உயிருக்கும் காவலாகப் பேட்டைகள் அமைத்தனர். சிவகாசி, விருதுபட்டி, அருப்புக்கோட்டை முதலிய ஊர்களில் கடைவீதிகள் எழுந்தன. ஒவ்வொரு வியாபாரியும் தன் கொள்வினை கொடுப்பினையில் ஒரு சிறு பங்கை மகமை என்று பொதுவில் வைத்தான். அம்மகமையிலிருந்து கிணறும் சாவடியும் பள்ளிக்கூடமும் உண்டாயின. கடையில் சேர்ந்த காசு கல்வியாக மாறியவுடன், மேல் ஜாதியென்று சொல்லிக்கொண்டோர்க்குப் பொறுக்கவில்லை. 1897இல் கமுதிக் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தது வழக்காகி, இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1908இல் அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. இடையில் 1899இல் சிவகாசி சூறையாடப்பட்டது. கடைக்காரனிடம் அரிசியும் பருப்பும் வாங்கலாம். அவன் பக்கத்தில் நின்று சாமி கும்பிடலாகாது என்பதே அன்றைய நியாயம். அவர்கள் சோர்ந்துவிடவில்லை. 1910இல் மகாஜன சங்கம் கண்டனர். 1921இல் தூத்துக்குடியில் வங்கி கண்டனர். அவ்வங்கியே பின்னர் 1962இல் தமிழ்நாடு மெர்க்கண்டைல் வங்கி என்று பெயர் மாறியது.

அவ்விருதுபட்டியில் 1903இல் பிறந்த ஒரு பையன் தந்தையை இழந்தான். ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டான். தாய்மாமன் துணிக்கடையில் வேலைக்கு நின்றான். அரசியலில் மனம் போகிறதென்று அஞ்சிய வீட்டார், திருவனந்தபுரத்தில் மற்றொரு மாமன் நடத்திய மரக்கடைக்கு அனுப்பினர். அங்கும் அவன் மனம் மாறவில்லை. அப்பையனே 1954இல் சென்னை மாகாணத்து முதலமைச்சரான காமராசர். தாம் பெறாத கல்வியைப் பிறர் பிள்ளைகள் பெறவேண்டுமென்று ஊர்தோறும் பள்ளிகளைத் திறந்து, பள்ளியில் பகலுணவும் போட்டவர் அவர். ஈரோட்டுப் பெரியாரும் பள்ளிக்கூடத்தை விட்டுத் தந்தையின் மண்டியில் சரக்குக்கு விலை கூறிப் பழகியவரே என்பது நேயர்கள் அறிந்தது. கடையில் நிற்பவன் மனிதரை அறிகிறான். எவன் சொல்லுக்குக் கட்டுப்படுவான், எவன் பசியை மறைக்கிறான், எவன் பொய் சொல்கிறான் என்பதை எந்தக் கல்லூரியும் அவனைப்போல் கற்பதில்லை.

இரண்டாவது ஊற்று வெள்ளையர் ஆட்சியில் வந்த உத்தியோக மோகம். மலையகத்துத் தோட்டத்தில் துரை மேலே. அவருக்குக் கீழே கிராணி. அவருக்குக் கீழே கங்காணி. எல்லோருக்கும் கீழே லயத்தில் வாழ்ந்த தொழிலாளி. இங்கிலீஷ் நாலு எழுத்துப் படித்துப் பேனா பிடித்தவன் வெயிலில் நிற்க வேண்டியதில்லை. ஆகவே தொழிலாளியின் கண்ணில் பேனாவே விடுதலையாகத் தோன்றியது. தன் மகன் கிராணியாக வேண்டும் என்று தகப்பன் ஆசைப்பட்டதில் தவறில்லை. ஆனால் அவ்வாசையோடு, பேனா பிடிக்காத கையெல்லாம் தாழ்ந்த கை என்னும் நினைப்பும் சேர்ந்து வந்துவிட்டது. தராசு பிடித்த கையும் அந்தக் கணக்கில் சேர்ந்தது.

மூன்றாவது ஊற்றை நாம் மறைத்தல் கூடாது. கடைமீது தொழிலாளிக்கு ஏற்பட்ட வெறுப்பில் நியாயமும் இருந்தது. தோட்டங்களில் சில கங்காணிமார் தாமே கடை வைத்து, தம் ஆட்கள் அங்கேயே வாங்க வேண்டுமென்று வைத்திருந்தனர். கணக்குப் புத்தகத்தில் என்ன எழுதப்பட்டதென்று எழுத்தறியாத தொழிலாளிக்குத் தெரியாது. சம்பள நாளில் கையில் வருவது மீதிக் காசே. குறைந்த எடை, கூடிய விலை, தீராத கடன் இவற்றை அனுபவித்தவர் கடையென்றாலே கசந்துகொண்டதில் வியப்பில்லை. ஆனால் அக்கணக்கை எழுதி இலாபத்தை எடுத்தவன் ஒருவன். சாக்கைத் தூக்கிப் பொட்டலம் மடித்தவன் மற்றொருவன். கோபம் முதலாளியின்மேல் எழுந்தது. அவமதிப்போ எதிரே நின்ற பையன்மேல் விழுந்தது. முதலாளியைக் கண்டால் இன்றும் ‘வாங்க மொதலாளி’ என்கிறோமே தவிர, அவரை எவரும் தாழ்வாக நினைப்பதில்லை.

இங்கேதான் நாம் இவ்விஷயத்தின் வேரைக் காண்கிறோம். கல்லாப்பெட்டியின் முன் உட்கார்ந்திருப்பவர் மதிக்கப்படுகிறார். அதே கடையில் நின்று விற்பவர் அவமதிக்கப்படுகிறார். அலுவலகத்து எழுத்தர் உட்கார்ந்திருக்கிறார், மதிக்கப்படுகிறார். ஆகவே இழிவு கடைக்கு அன்று, நிற்றலுக்கே. பெரியவர் முன் சிறியவன் உட்காரலாகாது, மேல்ஜாதிக்காரன் முன் கீழ்ஜாதிக்காரன் உட்காரலாகாது என்று பல நூற்றாண்டு நம்மைப் பழக்கிய பழக்கமே இன்று வேறு வேடம் பூண்டு வந்திருக்கிறது. எவன் நிற்கின்றானோ அவன் தாழ்ந்தவன். இதைத் தவிர நம் கௌரவத்துக்கு வேறு இலக்கணமே இல்லை.

இது தோட்டத்து மக்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதன்று. 1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் பெரும் வேலைநிறுத்தம் செய்தனர். கிள்ளான் இந்தியர் சங்கத்தின் தலைவர்களுள் ஒருவரான ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். படைகள் வந்தன, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் மாண்டனர். அவர்களின் கோரிக்கைகள் யாவை? சீனத் தொழிலாளிக்குச் சமமான சம்பளம், பிள்ளைகளுக்குத் தகுந்த கல்வி, மருத்துவ வசதி, கள்ளுக்கடைகளை மூடுதல் என்பவற்றோடு இன்னொன்றும் இருந்தது. துரையோ கிராணியோ எதிரே வரும்போது தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டுமென்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பதே அது. சம்பளத்தோடு சமமாக வைத்து இதனைக் கேட்டனர். எவனையும் கண்டு நாங்கள் இறங்கி நிற்கமாட்டோம் என்பதற்காகவும் அம்மக்கள் உயிரைக் கொடுத்தனர். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று நகரத்துக் கடைகளில் நிற்கும்போது, அவர்களைத் தாழ்வாகப் பேசுவது நம் வாயாகவே இருந்தால், அந்தப் போராட்டத்துக்கு நாம் செய்த மரியாதை என்ன?

கடைச் சிப்பந்திகள் இந்நாட்டுக்குச் செய்த தொண்டும் சிறிதன்று. தோட்டத்துக்கு அரிசி, புளி, மிளகாயோடு தமிழ்ப் பத்திரிகையும் கடை வழியாகவே வந்தது. சீனர் கடையோரத்தில் ஓர் ஒட்டுக்கடை போட்டு வெற்றிலையும் சுருட்டும் விற்றவரே ஏட்டையும் தொங்கவிட்டார். ஒருவர் படிக்கப் பத்துப் பேர் கேட்டனர். 1948இல் தொடங்கிய அவசரகாலத்தில் காட்டிலுள்ளோர்க்கு உணவு சேரலாகாதென்று சர்க்கார் கட்டுப்பாடு விதித்தது. உணவு டப்பாவை விற்கும்போதே துளையிட்டுக் கொடுக்க வேண்டும் என்பதும் அக்கட்டளைகளுள் ஒன்று. ஒருபுறம் போலீஸ், மறுபுறம் காட்டுக்காரர், எதிரே பசித்த குடும்பம் என்று நடுவில் நின்றவன் கடைக்காரனே. அந்நாளில் தலை தப்பியதே பெரிது என்ற நிலையிலும் அவன் கடையைத் திறந்து வைத்திருந்தான்.

இவ்வவமதிப்பு தமிழர்க்கு மட்டும் உரியதென்று எண்ண வேண்டா. கடைக்காரர் தேசம் என்று பெயர் வாங்கிய இங்கிலாந்திலேயே துணிக்கடைப் பையனைக் கண்டால் கனவான்கள் நகைத்தனர். அப்பையன்களும் பெண்களும் கடை மாடியிலேயே நெருக்கமாகத் தங்கவைக்கப்பட்டனர். புகழ்பெற்ற எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் இளமையில் துணிக்கடையில் வேலை பழகி வெறுத்து ஓடியவர். ஆனால் ஓடாமல் நின்றவர் ஒருவரும் உண்டு. மார்கரெட் பாண்ட்ஃபீல்டு என்னும் பெண் பதினான்காம் வயதில் துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார். பின்னர்க் கடைச் சிப்பந்திகளின் சங்கத்தில் உழைத்தார். 1899இல் அந்நாட்டுப் பார்லிமெண்டு, கடைகளில் மூன்று பெண்களுக்கு ஓர் ஆசனமாவது போட்டுத்தர வேண்டும் என்று சட்டம் இயற்றியது. 1929இல் அப்பெண்மணி தொழில் மந்திரியானார். பிரிட்டிஷ் மந்திரி சபையில் இடம்பெற்ற முதற் பெண் அவரே.

நாற்காலிக்காக ஒரு சட்டமா என்று சிரிப்போர் நம் நாட்டுச் செய்தியையும் கேட்கட்டும். கேரளத்தில் கோழிக்கோட்டுக் கடைகளில் வேலை செய்த பெண்கள், நாள் முழுதும் உட்கார விடாமல் நிறுத்தி வைப்பதை எதிர்த்துப் பல ஆண்டுகள் போராடினர். பெண்கூட்டு என்னும் அமைப்பைக் கண்ட விஜி என்னும் தையற்காரப் பெண்மணி அப்போராட்டத்தை முன்நின்று நடத்தினார். 2018இல் அங்கே சட்டம் திருத்தப்பட்டது. தமிழ்நாட்டிலும் 1947ஆம் ஆண்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 2021ஆம் ஆண்டு புதுப் பிரிவு ஒன்று சேர்க்கப்பட்டு, கடை ஊழியர் உட்கார இருக்கை தரவேண்டியது கடமையாயிற்று. இங்கிலாந்துக்கு 1899இல் விளங்கியது நமக்கு விளங்க நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாயின. சென்னை ரங்கநாதன் தெருவின் பெரிய துணிக்கடைகளில் தென்மாவட்டத்துப் பிள்ளைகள் நின்றே காலந்தள்ளிய துயரத்தை 2010இல் வசந்தபாலன் ‘அங்காடித் தெரு’ என்னும் திரைப்படமாக எடுத்தார். அதனைக் கண்டு கண்ணீர் விட்ட நம்மவர் எத்தனையோ பேர். மறுநாள் அதே கண்கள் கடைக்குள் சென்று, “ஏய், அந்த மேல் தட்டிலே இருக்கிறதை எடு” என்று அதிகாரம் செய்ததையும் நாம் கண்டோம்.

மலேசியாவில் 1950ஆம் ஆண்டின் வார விடுமுறைச் சட்டம் கடை ஊழியர்க்கு வாரம் ஒருநாள் ஓய்வை உறுதி செய்தது. குறைந்தபட்சச் சம்பளம் 2025ஆம் ஆண்டில் மாதம் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தது. சட்டம் ஓய்வு தரும், சம்பளம் தரும். பெண் கேட்டு வந்த வீட்டில் தலைகுனிந்து எழும் தாயின் அவமானத்தை எந்தச் சட்டம் போக்கும்? அதனைப் போக்க வேண்டியவர் நாமே.

தோட்டங்கள் துண்டாடப்பட்டும், கித்தா போய் எண்ணெய்ப்பனை வந்தும், லயங்கள் வீடுமனைகளாகியும் போன பின்னர், நம் பிள்ளைகளுக்கு நகரத்தில் முதலில் திறந்த கதவு பெரும்பாலும் கடையின் கதவே. துணிக்கடை, மருந்துக்கடை, கைப்பேசிக் கடை, பேரங்காடி என்று அவர்கள் பரவியிருக்கின்றனர். மலாயும் சீனமும் இங்கிலீஷும் தமிழும் பேசிப் பொருளை விற்கின்றனர். இத்தனை மொழி தெரிந்தவர் வேறிடத்திலே இருந்தால் அவரைப் பண்டிதர் என்போம்.

முதலில் சொன்ன திருமணப் பேச்சுக்குத் திரும்புவோம். அன்று அவ்வீட்டிலிருந்து வெளியே வந்தபோது உடன் வந்த பெரியவர் ஒருவர் நம்மிடம் மெல்லச் சொன்னார்: “நாலு பேரு என்ன சொல்லுவாங்கன்னு கேட்டாரே, அவரு மூத்த மகளே பத்து பகாட்டிலே ஒரு பேரங்காடியில் காசு வாங்குற மேசையிலேதான் நிக்குது. கம்பெனியிலே வேலைன்னு ஊரிலே சொல்லி வச்சிருக்காங்க.” நமக்குக் கோபம் வரவில்லை, வருத்தமே வந்தது. அப்பெண் உழைத்துக் கொண்டுவரும் சம்பளத்தில் வீட்டில் உலை கொதிக்கின்றது. ஆனால் அவள் செய்யும் வேலையின் பெயரை அவ்வீட்டில் உரக்கச் சொல்ல முடிவதில்லை. பிறர் மகனை இகழ்ந்த அதே நாவு தன் மகளையும் மறைக்க வேண்டியதாயிற்று. இகழ்ச்சி என்றும் அயல்வீட்டோடு நிற்பதில்லை.

ஆதலால் நேயர்களை நாம் வேண்டுவது பெரிய காரியமன்று. கடைக்குள் செல்லும்போது அங்கு நிற்பவரைத் தம்பி என்றோ, அண்ணே என்றோ, அக்கா என்றோ அழையுங்கள். கடை வைத்திருப்பவராயின், ஆள் இல்லாத நேரத்தில் உட்கார ஒரு முக்காலி போட்டுக் கொடுங்கள். பெண் கொடுக்கும்போது குணத்தையும் உழைப்பையும் கேளுங்கள்; உட்கார்ந்து வேலை செய்கிறானா, நின்று வேலை செய்கிறானா என்று கேளாதீர்கள். உங்கள் பிள்ளை கடையில் வேலை செய்தால் கடையில் வேலை செய்கிறது என்றே நாலு பேர் நடுவில் சொல்லுங்கள். கூலவாணிகன் சாத்தனாரும் அப்படித்தான் சொல்லிக்கொண்டார்.